பொன்னுச்சாமி பாதியில் விட்ட சார்ஜர்

டேப்பின் ஒரு முனையை ஷியாமளா பிடித்திருந்தாள். மறுமுனை அவள் அப்பா பொன்னுச்சாமியின் கையில். நடுவே, கதவுகள் கழற்றப்பட்ட ஒரு பழைய அமெரிக்கக் கார்.

“மேல் மூலையில வை அம்மிணி. பெயிண்ட் மேல இல்ல, தகரத்து மேல.”

வைத்தாள்.

“ஆட்டாத.”

“நான் ஆட்டல. நீங்கதான் இழுக்கறீங்க.”

“கம்பெனியிலதான் நீ இன்ஸ்பெக்டரு. இங்க டேப் பிடிக்கற ஆளு. பேசாம பிடி.”

இடப்பக்கக் கதவு வாய், மூலைக்கு மூலை 1,312 மில்லிமீட்டர். வலப்பக்கம் 1,310. எஞ்சின் இருக்க வேண்டிய குழிக்குள் எட்டி, பின்சுவர்த் தகரத்தில் இரண்டு எண்களையும் சாக்பீஸால் எழுதினார். ஒன்றின் கீழ் ஒன்று. தள்ளி நின்று பார்த்தார்.

“ரெண்டு மில்லி,” என்றார். “தேவலாம்.”

அது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ஷார்ஜா தொழில்பேட்டையில் பாதிக் கடைகள் ஷட்டர் இறக்கியிருந்தன. அவளுக்கு வெள்ளி அரை நாள்தான் வேலை. எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு நேராக கராஜுக்கு வந்திருந்தாள். இருவரும் டூல் பெட்டியின் மேல் டப்பாவை வைத்துச் சாப்பிட்டார்கள். கை துடைத்துக்கொண்டே அவர், “உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் அம்மிணி,” என்றார். அதே நேரம் அவள் போன் அடித்தது. கம்பெனி. ஒரு டாங்கின் வெல்டிங் எக்ஸ்ரே படம் தெளிவாக இல்லையாம். வெளியே போய் பதினொரு நிமிடம் பேசிவிட்டு வந்தாள். அவர் காருக்கு அடியில் நுழைந்திருந்தார். இரண்டு செருப்புகள் மட்டும் தெரிந்தன.

“என்னப்பா கேக்கணும்னீங்க?”

“அப்புறம் கேட்டுக்கலாம் போ. அவசரமில்ல.”

நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, டீ கிளாஸோடு கராஜ் வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்தொன்று.

*

நாற்பத்து மூன்று நாள் கழித்து ஷியாமளா கரூரிலிருந்து ஷார்ஜா திரும்பினாள். அப்பாவும் அவளும் இருந்த அபு ஷகாரா ஃபிளாட்டில் எல்லாம் அப்படியே இருந்தது. அவருடைய கட்டில், சுவரோரம் இரண்டு சட்டை, மேஜை மேல் கண்ணாடிக்கூடு. எதையும் தொடவில்லை. மறுவாரம் கராஜிலிருந்து ரிபாய் நானா கூப்பிட்டார். முகம்மது ரிபாய் இலங்கைக்காரர், அக்கரைப்பற்று; அங்கே அண்ணனை நானா என்பார்கள். அப்பாவோடு பதினாறு வருடம் ஒரே கூரைக்குக் கீழ் வேலை பார்த்தவர். அப்பா டிங்கரிங், அவர் பெயிண்டிங்.

“மகள், அந்தக் கார விக்கப்போறாங்க. ஓனர் உங்களுக்குத்தான் முதல் சொல்லச் சொன்னாரு. ஒருக்கா வாங்க.”

கார் 1969 மாடல் டாட்ஜ் சார்ஜர். உரிமையாளர் சீதாராமன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். குவைத்தின் அப்பாசியாவில் வளர்ந்தவர். அங்கே பள்ளிக்கூட பஸ் தினமும் கடந்து போகும் ஒரு வீட்டு வாசலில் அப்படி ஒரு கார் நின்றிருந்ததாம். ஐம்பது வயதில் அதன் கூட்டைத் தேடிப் பிடித்து வாங்கினார். எஞ்சின் தனியாக ஒரு மரப்பெட்டியில், கதவுகள் தனியாக, உதிரிகள் இருபத்தாறு அட்டைப்பெட்டிகளில். பொன்னுச்சாமி ஐந்து வருடமாக வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதைத் தொட்டார். இப்போது சீதாராமன் வேலை முடிந்து சென்னைக்குத் திரும்புகிறார்.

கராஜில் அவர் ஷியாமளாவின் முகத்தைப் பார்க்காமல் காரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அல் ஐன்ல ஒருத்தர் கேட்டுண்டிருக்கார்மா. அரபுக்காரர். இதே மாதிரி ரெண்டு வண்டி வெச்சிண்டிருக்கார். ஆனா உனக்குத்தான் முதல் உரிமை. நான் அன்னிக்கு வாங்கின விலைக்கே தரேன். உங்கப்பா வேலைக்குன்னு ஒரு திர்ஹம் சேர்க்கமாட்டேன்.”

“எப்ப சொல்லணும் சார்?”

“வியாழக்கிழமைக்குள்ள முடியுமா? யோசிச்சு சொல்லு. வேண்டாம்னாலும் தப்பில்ல.”

அவளிடம் பணம் இருந்தது. சரியாக அந்த அளவுக்குத்தான் இருந்தது. அம்மா நாகவள்ளியை இங்கே அழைத்துவந்து, கொஞ்சம் பெரிய வீடாகப் பார்ப்பதற்காக மூன்று வருடமாகச் சேர்த்தது. கரூரில் அம்மா இப்போது தனியாக இருக்கிறாள். கணக்குப் போட்டால் விடை உடனே வந்துவிடும். கணக்குக்குள் வராத ஒன்று இருந்தது. அப்பா அன்றைக்கு என்ன கேட்க வந்தார்? மூலைவிட்டம் சரியாக வந்த நாள் அது. வண்டியையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். ‘இதை நாமே வாங்கிக்கலாமா அம்மிணி’ என்று கேட்க வந்திருந்தால்? அவர் வாழ்நாளில் தனக்கென்று எதையும் கேட்டவரில்லை. கேட்க வாயெடுத்தது அந்த ஒரு முறைதான் என்றால், அதற்கு ‘வேண்டாம்’ என்பதா விடை?

அம்மாவிடம் போனில் சொன்னாள்.

“அந்த வண்டி எப்படிச் சாமி இருக்கும்?” என்று கேட்டாள் அம்மா. “போன்ல அதைப் பத்தியேதான் பேசுவாரு. எனக்கென்ன தெரியும். உனக்கு வேணும்னா வாங்கிக்க. நான் எங்கிருந்தா என்ன.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

*

பொன்னுச்சாமி பதினைந்து வயதில் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தவர். முப்பத்து நான்கு வயதில் ஷார்ஜா வந்தார். மூன்று கராஜ், விசா கொடுத்த இரண்டு கபீல். முதல் பன்னிரண்டு வருடம் எட்டுப் பேர் இருக்கும் அறையில் மேல் கட்டில். இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு. ஷியாமளா பாலிடெக்னிக்கில் சேர்ந்தது, பிறகு கோவையில் இன்ஜினியரிங் முடித்தது, வெல்டிங் இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுதியது எல்லாம் அந்த மேல் கட்டிலின் தயவில். அவள் வேலை கிடைத்து இங்கே வந்து இறங்கிய நாளில், ஏர்போர்ட்டுக்கு ரிபாயின் பிக்கப்பில் வந்தார். ஆயிரக்கணக்கான வண்டிகளைச் சரிசெய்தவரிடம் லைசென்ஸ் கிடையாது. எடுக்கவே இல்லை. பின்னாளில் அவள் ஓட்டும்போது பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்தால், “பின்னாடி வலது பக்கம் ஒரு போல்ட் ஆடுது, பாரு,” என்பார். ஆடும்.

அந்த சார்ஜரில் அவர் ஒரு தப்பு செய்தார். கரூர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

பஸ்ஸுக்கு அடியில் சேஸிஸ் இருக்கிறது. அதன்மேல் கூடு கட்டுகிறார்கள். கூட்டை எங்கே வெட்டினாலும் கீழே சேஸிஸ் தாங்கும். பத்தொன்பது வருடம் அப்படி வெட்டிப் பழகிய கை அது. சார்ஜருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, கூடே சேஸிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரண்டு தகரப் பெட்டிகள்தான் அதன் முதுகெலும்பு. இரண்டும் துருப்பிடித்திருந்தன. பொன்னுச்சாமி பஸ்ஸில் செய்வதுபோல் இரண்டையும் ஒரே சமயத்தில் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தார். வேலை அவ்வளவு சுத்தம். ஒரு மாதம் கழித்துக் கதவை மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இடது கதவு மூடவில்லை. வண்டி நடுவில் இறங்கியிருந்தது. பதினொரு மில்லிமீட்டர்.

கதவின் விளிம்பைத் தேய்த்துப் பொருத்திவிட்டு, பட்டி போட்டு மூடியிருக்கலாம். சீதாராமனுக்கு ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது. பொன்னுச்சாமி அன்றைக்கே அவருக்குப் போன் செய்தார்.

“தப்பு என்னுதுங்க. அறுத்துட்டு மறுபடி பண்ணோணும். இதுக்குக் காசு வேண்டாமுங்க. நாள்தான் ஆகும்.”

சீதாராமன், “ஆகட்டும் பொன்னுச்சாமி. வண்டி எங்க ஓடிடப் போறது? எஞ்சினே இல்லையே,” என்றார்.

தன் வெல்டிங்கைத் தானே அறுத்தார். கதவு வாயில் குறுக்காக இரும்புக் குழாய் வைத்துத் முட்டுக் கொடுத்து, அடியில் ஜாக்கி ஏற்றி, ஒரு வாரத்துக்கு ஒரு மில்லி என்று தூக்கினார். பிறகு ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம். மொத்தம் எட்டு மாத வெள்ளிக்கிழமைகள். அதன் முடிவில்தான் அந்த டேப், அந்த இரண்டு எண்கள்.

*

புதன்கிழமை ஷியாமளா அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கராஜுக்குப் போனாள். டார்ச், காந்தம், பெயிண்டின் தடிமன் பார்க்கும் மீட்டர், கம்பெனியில் பயன்படுத்தும் நான்கு பக்கப் படிவம். முன்பின் தெரியாதவன் கொண்டுவந்த வண்டியைப் பார்ப்பதுபோல் பார்ப்பது என்று முடிவுசெய்திருந்தாள். ரிபாய் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். அது அப்பாவின் ஸ்டூல். அவளைப் பார்த்ததும் எழுந்து அதை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை.

வலது பின்பக்கத் தகரத்தை விரல் முட்டியால் தட்டினாள். பொத்தென்று கேட்டது. மீட்டர் வைத்தாள்: நான்கு மில்லிமீட்டர் பட்டி. யாரோ, எந்தக் காலத்திலோ அப்பியது. எழுதினாள். கண்ணாடிக்குக் கீழே துரு. எழுதினாள். எஞ்சினில் கார்புரேட்டர் இல்லை. பின் ஆக்ஸிலில் எண்ணெய்க் கசிவு. எழுதினாள். இருபத்தாறு அட்டைப்பெட்டிகளிலும் அப்பாவின் கையெழுத்து. ‘இடது கதவு பூட்டு, 4 ஸ்க்ரூ, ஒண்ணு வேற சைஸ்.’ ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்த்தாள். ஒரு பெட்டியிலும் ஒரு ஸ்க்ரூகூடக் குறையவில்லை.

பிறகு தரையில் படுத்து உள்ளே போனாள். இடப்பக்க வெல்டிங் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அகலத்தில் ஓடியது. அதற்கு ஒரு விரல் தள்ளி, பழைய வெல்டிங்கை அறுத்துத் தேய்த்த தடம் மெல்லிய சாம்பல் கோடாகத் தெரிந்தது. அவளிடம் வரும் வெல்டர்கள் ஃபைல் நிறைய சர்டிபிகேட் வைத்திருப்பார்கள். அவர்களில் பாதிப் பேரின் வேலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இதில் எழுத ஒன்றுமில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கொஞ்ச நேரம் அங்கேயே மல்லாந்து கிடந்தாள். ரிபாய் கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோது டீ வந்திருந்தது.

“எப்படி மகள்?”

“எழுதினதை வெச்சுப் பாத்தா வாங்கக் கூடாது. முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். ஆனா அப்பா என்னமோ கேக்க வந்தாரு நானா. வாங்கலாமான்னுதான் கேக்க வந்தாரோன்னு இருக்கு.”

ரிபாய் டீயை ஊதினார்.

“பொன்னண்ணன் எத்தின பேரத் திருப்பி அனுப்பினவர் தெரியுமா? கார் வாங்குறதுக்கு முன்ன அவரக் கூட்டிப்போய்க் காட்டுவானுகள். ஒருத்தன் பெரிய ஜீப்பொண்டு பாத்து வச்சிருந்தான். அண்ணன் தட்டிப் பாக்கவுமில்ல, குனியவுமில்ல. ‘எங்க நிறுத்துவீங்க?’ண்டு கேட்டாரு. அவன் ஆறு பேரோட ரூமில இரிக்கிறவன். ‘றோட்டுலதான்’ எண்டான். ‘அப்ப றோட்டுக்குத்தான் வாங்குறீங்க’ண்டு சொல்லிப்போட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.”

“எல்லாரையும் அதான் கேப்பாரா?”

“முதல் கேள்வியே அதுதான். இடமிருந்தா மட்டும்தான் மத்ததெல்லாம் பாப்பாரு.” கிளாஸைக் கீழே வைத்தார். “உங்கட வீடு எத்தினாவது மாடி?”

“நாலு.”

“லிஃப்ட் இரிக்கிதானே. கதவு கழட்டித்தான் கிடக்கு, ஏத்திப் பாப்பம்.”

ஷியாமளா சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் முறை. சிரிப்பு நிற்காமல் வேறொன்றாக மாறியது. ரிபாய் ஷட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு, கையிலிருந்த துணியால் சுத்தமாக இருந்த ஒரு ஸ்பானரைத் துடைத்தார். அப்பா போனபோது, உடலை ஊருக்கு அனுப்ப இரண்டு நாளில் நான்கு அலுவலகங்கள் ஏறி இறங்கியவர். இந்திய விசா இல்லாததால் விமான நிலையத்தின் சரக்கு வாயில்வரை பெட்டியோடு வந்து, அதற்குமேல் விடமாட்டார்கள் என்றதும் அங்கேயே நின்றவர். அதற்கு அவள் இன்னும் நன்றி சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னாள்.

“அவர் எனக்குச் செஞ்சதுக்கு இது என்ன மகள்,” என்றார். என்ன செய்தார் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது பக்கத்து சீட் காலியாக இருந்தது. அபு ஷகாராவில் பார்க்கிங் தேடி மூன்று சுற்று சுற்றினாள். மூன்றாவது சுற்றில் முடிவுக்கு வந்தாள். ஊரையெல்லாம் அந்த ஒரு கேள்வி கேட்டவர், நாலாவது மாடியில் இருக்கும் சொந்த மகளிடம் வண்டியை வாங்கச் சொல்லமாட்டார். அவர் கேட்க வந்தது வேறு என்னவோ. அது என்ன என்று இனித் தெரியப்போவதில்லை. அதோடு இருந்துகொள்ள வேண்டியதுதான்.

அன்று மாலையே அம்மாவுக்குப் போன் செய்து, பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்க்கச் சொன்னாள்.

*

வியாழக்கிழமை சீதாராமனிடம் வேண்டாம் என்றாள். நான்கு பக்கப் படிவத்தையும் கொடுத்தாள்.

“இதை அல் ஐன்காரர்கிட்ட குடுத்துடுங்க சார். கீழ்த்தகரம் ரெண்டு தடவை வெல்டிங் ஆனது முதற்கொண்டு எழுதியிருக்கேன்.”

“அதை எதுக்கும்மா எழுதணும்? அதான் சரியாயிடுத்தே.”

“அப்பா உங்ககிட்ட மறைக்கல இல்லயா சார்.”

சீதாராமன் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது, “நான் கேட்ட வண்டி கிடைக்கலை. ஆனா அஞ்சு வருஷம் வெள்ளிக்கிழமை எங்க போறதுன்னு ஒரு இடம் இருந்தது. அது உங்கப்பாவால,” என்றார்.

அல் ஐன்காரர் சனிக்கிழமை வந்தார். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வண்டியோடு ஒத்துப் பார்த்தாராம். மீதி வேலையையும் இதே கராஜில் ரிபாய்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, வாங்கிக்கொண்டாராம். எல்லாம் சரி, ஒன்று மட்டும் குறைகிறது என்றாராம். சீதாராமன் போனில் கேட்டார்: “டிரைவர் சீட் எங்கேம்மா?”

ரிபாய்க்குத் தெரியவில்லை. பெட்டிகளில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷியாமளா மேஜை முன் நின்று அப்பாவின் கண்ணாடிக்கூட்டைத் திறந்தாள். கண்ணாடிக்கு அடியில் நான்காக மடித்த ஒரு ரசீது. சத்வாவில் சீட் தைக்கும் கடை. ‘சீட் 1.’ தேதி, அவர்கள் டேப் பிடித்த வெள்ளிக்கு முந்தின நாள்.

கடை தையற்கடைகளுக்கு நடுவில் இருந்தது. கடைக்காரர் சாகிர், ஆம்பூர்க்காரர். ரசீதைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“அட, கரூர் அண்ணன் சீட்டு. ரெண்டு மாசமா போன் அடிக்கிறேன், சுவிட்ச் ஆஃப். நீங்க?”

சொன்னாள். சாகிர் தையல் மிஷின் முன்னாலேயே உட்கார்ந்து, உதடு அசைய எதையோ ஓதினார். பிறகு உள்ளே போய் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்பு ரெக்ஸின், புது ஸ்பாஞ்ச், விரல் பதித்தால் எழும்பியது. ஆனால் ஓரங்கள் தைக்கப்படவில்லை. குண்டூசி குத்தி நிறுத்தியிருந்தது.

“ஏங்க முடிக்கல?”

“அவரு சொன்னாத்தானே முடிக்கிறது. தையல் நூல் வெள்ளையா செவப்பான்னு கேட்டேன். அரை மணி நேரம் ரெண்டு ரீலையும் கையில வெச்சிக்கினு நின்னாரு. ‘கோடு நேரா இருக்குதான்னு கேளு, சொல்றேன். கலர் எனக்குத் தெரியாது. எம்பொண்ணுகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்’னு போனாரு.” சாகிர் மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு ரீலையும் எடுத்து சீட்டின் மேல் வைத்தார். “கேட்டாரா?”

ஷியாமளா சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குண்டூசி ஒன்று விரலில் குத்தியது.

“கேக்க வந்தாரு. நான்தான் போன்ல இருந்தேன்.” குண்டூசியைத் திருப்பிக் குத்திவிட்டு, “வண்டி இப்ப எங்களுது இல்லீங்க. வித்தாச்சு,” என்றாள்.

“அன்னிக்கும்தான் அவரோடது இல்ல,” என்றார் சாகிர். “இருந்தாலும் உங்களைத்தானே கேக்கணும்னாரு.”

கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு நிறமும் ஒன்றுபோல் மங்கலாக இருந்தன. ஷியாமளா சீட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

“அந்தப் பக்கம் பிடிங்க. வெயில்ல வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்.”